ஒரு சாண் மண்

மழை விட்டதும் தோட்டத்துக் கால்வாயைப் பார்த்திருக்கிறீர்களா? பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு ஓடும். சின்னப் பிள்ளைகள் அதில் காகிதக் கப்பல் விடுவார்கள். பெரியவர்கள் "நல்ல மழை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். மழைத் தண்ணீருக்கு நிறம் கிடையாது. அந்த நிறம் மண்ணினுடையது. மேட்டில் கிடந்த மண்தான் கால்வாய் வழியாக ஆற்றுக்கும், ஆற்று வழியாகக் கடலுக்கும் போய்க்கொண்டிருக்கிறது. போவது ஏதோ ஒரு மண்ணும் அல்ல. நிலத்தின் மேலே ஒரு சாண் கனத்துக்கு இருக்கிற மண். மரத்துக்கும் செடிக்கும் சோறு போடுவது அந்த ஒரு சாண்தான்.

ஓர் ஏக்கர் நிலத்திலிருந்து ஓர் அங்குல மண் போய்விட்டால் எவ்வளவு எடை போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய 140 டன்! பத்து டன் லாரியில் ஏற்றினால் பதினான்கு லாரி. அந்த ஓர் அங்குலம் மறுபடியும் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். போவதற்கோ, மூடாமல் விட்ட மேட்டு நிலத்தில், சில மழைக்காலங்கள் போதும்.

நம் மக்கள் இந்த நாட்டு மண்ணை வெட்டினார்கள், குழி பறித்தார்கள், சுமந்தார்கள், மேடு பள்ளம் சமப்படுத்தினார்கள். நான்கு தலைமுறையாக மண்ணோடு புழங்கியவர்களுக்கு மண்ணைப் பற்றி என்ன சொல்ல இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிக்குக் குடிபோன பல குடும்பங்கள், "அங்கே வைத்ததெல்லாம் வந்தது, இங்கே கத்தரிக்காய்கூட வரமாட்டேன் என்கிறதே" என்று சொல்கிறார்கள். அதற்குக் காரணமும் இந்தக் கதைக்குள்தான் இருக்கிறது.

கல் மண்ணாகிறது

குன்றை வெட்டிச் சாலை போட்ட இடத்தில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கோலாலம்பூரிலிருந்து காராக் வழியாகப் பகாங் போகிற பாதையில் இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. செங்குத்தான சிவப்புச் சுவர் போல மண் தெரியும். அந்தச் சுவருக்குள்ளே அங்கங்கே உருண்டையான பாறைகள் பதிந்திருக்கும். யாரோ கொண்டுவந்து புதைத்தவை அல்ல. ஒரு காலத்தில் அந்தக் குன்று முழுவதும் கருங்கல் பாறை. பாறை அழுகி மண்ணாகிவிட்டது. அழுகாமல் மிச்சம் நிற்பவைதான் அந்த உருண்டைகள்.

கல் அழுகுமா? அழுகும். மழைத்துளி வானத்திலிருந்து இறங்கும்போது காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. தரையில் விழுந்து ஊறும்போது வேர்களும் பூச்சிபுழுக்களும் வெளிவிடும் மூச்சிலிருந்து இன்னும் அதிகமாகச் சேர்த்துக்கொள்கிறது. இப்படிப்பட்ட தண்ணீர் மிகவும் மெல்லிய ஆசிட். பாலை உறைய வைக்க ஸ்டோரில் ஊற்றும் ஆசிட்டோடு இதை ஒப்பிடவே முடியாது. நாக்கில் பட்டால்கூடத் தெரியாது. ஆனால் இரவும் பகலும், லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாமல் பாறை வெடிப்புக்குள் இறங்கினால் என்ன ஆகும்?

கருங்கல்லை உற்றுப் பார்த்தால் அதில் மூன்று விதமான பொருள்கள் தெரியும். மினுமினுக்கும் செதில்கள் காக்காப்பொன். கண்ணாடி போன்ற துணுக்குகள் வெங்கச்சங்கல். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருக்கும் கட்டிகள் ஃபெல்ஸ்பார். இவற்றில் ஃபெல்ஸ்பார் மழைத் தண்ணீரிடம் தோற்றுவிடும். அதில் உள்ள பொட்டாசியம் முதலிய சத்துகள் கரைந்து தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுவது மாவு போன்ற வெண்களி. பேராக்கில் பீடோர், தாப்பா பக்கம் வெட்டி எடுக்கிறார்களே, பீங்கானுக்கும் காகிதத்துக்கும் போகிற வெள்ளை மண், அதே பொருள்தான். வெங்கச்சங்கல் லேசில் கரையாது. அது மணலாக நிற்கிறது. கருநிறத் துணுக்குகளில் இருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. நம் தோட்டத்து மண்ணின் சிவப்பும் மஞ்சளும் இந்தத் துருவின் நிறம்தான். பழைய வாளியில் பிடிக்கிற துருவும் அதன் உறவுதான்.

துருவின் நிறம் இன்னொரு செய்தியும் சொல்லும். தண்ணீர் நன்றாக வடிகிற மேட்டில் மண் சிவப்பாக இருக்கும். ஈரம் கொஞ்சம் தங்கினால் மஞ்சள். தண்ணீர் தேங்கியே கிடக்கும் பள்ளத்தில் இரும்பு வேறு விதமாக மாறிப்போவதால் மண் சாம்பல் நிறமாகவோ நீலம் பாய்ந்தோ இருக்கும். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை அடி தோண்டிப் பார்த்து, சாம்பல் நிற மண்ணில் துருப்புள்ளிகள் தெரிந்தால், மழைக்காலத்தில் அந்த உயரம் வரை தண்ணீர் ஏறி நிற்கிறது என்று பொருள். அங்கே பாத்தியை உயர்த்திப் போடாவிட்டால் மிளகாய்ச் செடி நிற்காது.

ஈயலம்பம் பார்த்தவர்களுக்கு, மண் எவற்றால் ஆனது என்பதை விளக்கவே வேண்டாம். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுக்க மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்தார்கள். ஈயத் தாதும் கருங்கல்லோடு பிறந்ததுதான். கனமாக இருப்பதால் அது அடியில் தங்கியது. மணல் ஒரு பக்கம் வெள்ளை மேடாகக் குவிந்தது. களி குழம்பாகக் குட்டைக்குப் போனது. மணல் மேட்டில் தண்ணீர் ஊற்றினால் ஊற்றிய வேகத்தில் கீழே இறங்கிவிடும். செடிக்கு ஒன்றும் நிற்காது. குட்டைச் சேற்றிலோ தண்ணீர் இறங்கவே இறங்காது. இரண்டும் ஒன்றாகக் கலந்து கிடந்தபோது அது மண். பிரித்தபோது இரண்டுமே மண்ணாக இல்லை. அந்த மணல் மேடுகளில் காய்கறி போட்டவர்கள் ஆண்டுக்கணக்காகக் கோழி எருவையும் குப்பையையும் கொட்டித்தான் விளைய வைத்தார்கள்.

தாத்தாமார் விட்டு வந்த மண்

மண்ணைத் தனி அறிவியலாக முதலில் வளர்த்தவர்களில் முன்னே நிற்பவர் ரஷ்ய நாட்டு டொக்குசாயெவ். ரஷ்யாவின் கறுப்பு மண்ணைப் பற்றி அவர் 1883இல் ஒரு நூல் எழுதினார். பாறை பொடியானால் மட்டும் மண்ணாகிவிடாது, தட்பவெப்பமும் உயிர்களும் காலமும் சேர்ந்துதான் அதை ஆக்குகின்றன என்பது அவர் கண்டது. பின்னர் 1941இல் ஹான்ஸ் ஜென்னி என்பவர், எந்த ஊர் மண்ணுக்கும் ஐந்து காரணங்கள் உண்டு என்று வகுத்துச் சொன்னார். தாய்ப்பாறை, தட்பவெப்பம், செடிகொடி உயிர்கள், மேடு பள்ளம், காலம். இந்த ஐந்தில் ஒன்று மாறினாலும் மண் மாறிவிடும்.

இதை நம் குடும்பக் கதையிலேயே பார்க்கலாம். நம் முன்னோரில் பலர் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து கப்பலேறியவர்கள். அவர்கள் அறிந்த மண் ஆற்று வண்டல், செவல், கரிசல். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை வந்தால் வீங்கிப் பிசுபிசுக்கும். அந்தக் களி தண்ணீரைக் குடித்து ஊதுகிற இனம். அங்கே மழை குறைவு. ஆகவே பாறையிலிருந்து வந்த சுண்ணாம்பும் மற்றச் சத்துகளும் கழுவப்படாமல் மண்ணிலேயே தங்கிவிட்டன. கரிசலைத் தோண்டினால் சுக்கான் கல் வருவது அதனால்தான்.

இங்கே? ஆண்டுக்கு 80 முதல் 100 அங்குலம் மழை. பல இடங்களில் அதற்கும் மேல். பனியும் கிடையாது, நீண்ட வறட்சியும் கிடையாது. பன்னிரண்டு மாதமும் வெக்கை. கல்லை அழுகவைக்க இதைவிட ஏற்ற நாடு வேண்டாம். கருங்கல் குன்றுகளில் நூறு அடி ஆழம் வரைகூட பாறை மண்ணாகியிருக்கும் இடங்கள் உண்டு. ஆனால் அதே மழை சத்தையும் கழுவிக்கொண்டு போய்விட்டது. மிஞ்சிய வெண்களி வீங்காது, வெடிக்காது. போட்ட உரத்தைப் பிடித்து வைக்கும் சக்தியும் அதற்குக் குறைவு. சுண்ணாம்பு போனதால் மண் புளித்துப்போயிருக்கிறது. புளிப்பை அளக்கும் கணக்கில் 7 என்றால் நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறு 2க்குச் சற்று மேலே. நம் மேட்டுத் தோட்டத்து மண் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில். அமேசான் காட்டுப் புளித்த மண்ணில் பிறந்த ரப்பர் மரத்துக்கு இது பொருட்டில்லை. மரவள்ளியும் அன்னாசியும் தாங்கும். கத்தரியும் கீரையும் தாங்குவது கடினம். புளித்த மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கிவிடும்.

இந்த நாட்டு மண்களுக்குப் பெயர் வைத்தபோது, எந்த ஊரில் முதலில் ஆராய்ந்து எழுதினார்களோ அந்த ஊர்ப் பெயரையே வைத்தார்கள். கருங்கல்லிலிருந்து வந்த, மணல் கலந்த மண் ரெங்கம் வகை. மணற்பாறையிலிருந்து வந்தது செர்டாங் வகை. சேற்றுப்பாறையிலிருந்து வந்த களி மூஞ்சோங் வகை. மலாக்கா வகை என்றால் குழி பறித்தவர்களுக்குப் போதும். மேல்மண்ணைத் தாண்டியதும் மண்வெட்டி 'ணங்' என்று துருக்கல்லில் மோதும். இரும்புத் துரு கட்டிகட்டியாக இறுகிப்போன கல் அது. தோட்டப் பாதைகளில் சரளையாகக் கொட்டியதும் இதே கல்தான். சிலாங்கூர் வகை, மேற்குக் கரையோரத்துக் கடற்சேறு. அது மேட்டு மண்ணைவிடச் சத்து மிகுந்தது. செம்பனை அங்கே கொழிப்பதற்குக் காரணமும் அதுதான். ஆனால் கரையோரத்தில் சில இடங்களில் அந்தச் சேற்றுக்கு அடியில் கந்தகமும் இரும்பும் சேர்ந்த ஒரு பொருள் தூங்கிக்கொண்டிருக்கும். கால்வாயை அளவுக்கு மீறி ஆழமாக வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காற்றுப் பட்டுக் கந்தக ஆசிட் ஆகிவிடும். புளிப்பு 3.5க்கும் கீழே இறங்கிவிடும். மரம் மஞ்சளிக்கும், கால்வாயில் மீன் செத்து மிதக்கும். மடையை அடைத்துத் தண்ணீரை மறுபடி உயர்த்தி வைத்தால்தான் அது அடங்கும்.

மலாய்க்காரர்கள் 'தானா காம்புட்' என்று சொல்லும் சதுப்பு நிலம் வேறு சங்கதி. அது கல்லிலிருந்து வந்ததே அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் மக்காமல் கிடந்த இலையும் கட்டையும். வடித்துவிட்டால் ஆண்டுதோறும் அங்குலக் கணக்கில் நிலம் அமிழ்ந்துகொண்டே போகும். வேர் வெளியே தெரிய, செம்பனை ஒருபக்கமாகச் சாய்ந்து நிற்பதைத் தென்மேற்கு ஜொகூரில் பார்க்கலாம். காய்ந்தால் அடியிலேயே தீப்பிடித்துப் புகையும்.

மேலே இருக்கும் உயிர்

ஆழமான மண் வேறு, விளைகிற மண் வேறு. குன்று நூறு அடிக்கு மண்ணாகிக் கிடந்தாலும், செடி தின்கிற வேர்களில் பெரும்பகுதி மேலே ஓர் அடிக்குள்தான் பரவியிருக்கும். ரப்பருக்கும் செம்பனைக்கும் அப்படித்தான். ஏனென்றால் சத்து அங்கேதான் இருக்கிறது.

நல்ல மேல்மண்ணை ஒரு கை அள்ளினால் அதில் பாதிக்குப் பாதி வெறும் இடம். அந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் காற்று. மீதிப் பாதியில் பெரும்பகுதி மணல், வண்டல், களி. நூற்றுக்கு ஐந்து பங்கோ அதற்கும் குறைவோ மக்கு. அந்தச் சின்னப் பங்கு செய்யும் வேலைதான் பெரியது. உதிர்ந்த இலையைக் கரையானும் எறும்பும் நறுக்குகின்றன. காளான் நூல்கள் அதைப் பின்னிப் பிடித்து மக்கவைக்கின்றன. மண்புழு தின்று கழித்து மேலே கொண்டுவந்து கொட்டுகிறது. சார்லஸ் டார்வின் 1881இல், இறப்பதற்கு முந்திய ஆண்டில், மண்புழுக்களைப் பற்றி ஒரு தனி நூலே வெளியிட்டார். இங்கிலாந்தில் பல இடங்களில் ஓர் ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கும் மேல் மண் அவற்றின் வயிற்றின் வழியாகப் போய் மேலே வருகிறது என்பது அவர் கணக்கு. நம் வெண்களியால் செய்ய முடியாததை மக்கு செய்கிறது. உரத்தைப் பிடித்து வைக்கிறது, தண்ணீரை உறிஞ்சி வைக்கிறது, மண்துகளைச் சேர்த்துச் சின்னச் சின்ன உருண்டையாகக் கட்டுகிறது. அந்த உருண்டைகளுக்கு இடையில்தான் வேர் மூச்சு விடுகிறது.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஏமாந்தவர்கள் பலர். வானுயர்ந்த காட்டைப் பார்த்து, இவ்வளவு பெரிய மரம் வளர்ந்த மண் எவ்வளவு வளமாக இருக்கும் என்று எண்ணினார்கள். இந்த மழைக்காட்டின் சத்தில் பெரும்பகுதி மரத்திலேயே இருக்கிறது. இலை விழுந்ததும் வெக்கையில் சீக்கிரம் மக்கி, வேர் அதை உடனே இழுத்துக்கொள்கிறது. மண்ணில் தங்குவது கொஞ்சம். காட்டை வெட்டி எரித்தால் சில ஆண்டுகளுக்கு நன்றாக விளையும். பிறகு? 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சிங்கப்பூரில் கம்பீர் பயிரிட்டவர்கள் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண் செத்துப்போனதும் நிலத்தைக் கைவிட்டு ஜொகூருக்கு நகர்ந்தார்கள். மலாக்காவில் மரவள்ளி பயிரிட்டவர்கள் பின்னால் விட்டுச் சென்றது லாலாங் புல்லை.

சுத்தத்துக்குக் கொடுத்த கூலி

அதற்குப் பிறகு வந்தது ரப்பர். 1910ஆம் ஆண்டு விலை உச்சத்துக்குப் போன காலத்தில் மலை மலையாகக் காடு அழிந்தது. லாலாங்குக்குப் பயந்த துரைமார்கள் ஒரு முறை வகுத்தார்கள். தரையில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது. மரத்தடி வாசல் போலப் பளிச்சென்று இருக்கவேண்டும். மாதாமாதம் புல்வெட்டு. பால்வெட்டாத பெண்களும், வயது வந்ததும் வராததுமான பிள்ளைகளும் அந்த வேலையில் குனிந்த முதுகு நிமிராமல் நின்றார்கள். ஒரு தழை மிச்சமிருந்தால் கங்காணியின் ஏச்சு. நம் பாட்டிமார்கள் கூலி வாங்கியது அந்தச் சுத்தத்துக்குத்தான்.

அந்தச் சுத்தம்தான் மண்ணைக் கொன்றது. பெரிய மழைத்துளி வினாடிக்கு ஏறக்குறைய 30 அடி வேகத்தில் தரையில் மோதுகிறது. மொட்டை மண்ணில் விழும்போது மண்ணுருண்டையை உடைத்துத் தெறிக்கவிடுகிறது. உடைந்த தூள் மேல்துவாரங்களை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது, சரிவில் ஓடும், ஓடும்போது மண்ணை இழுத்துக்கொண்டு போகும். மேலேதான் மரம் குடை பிடிக்கிறதே என்று நினைக்கவேண்டாம். உயரமான மரத்தின் இலை நுனியில் சிறு துளிகள் சேர்ந்து பெரிய துளியாகி விழும். அதன் அடி சில சமயம் நேரே விழும் மழையைவிடப் பலமானது. காப்பது மேலே இருக்கும் குடை அல்ல, தரையை ஒட்டிக் கிடக்கும் புல்லும் சருகும்.

மேல்மண் போனதும் மலைச்சரிவுகளில் ரப்பர் வேர்கள் வெளியே தெரிந்தன. 1925இல் சட்டப்படி அமைந்த மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதை ஆராய்ந்தது. அங்கே மண்ணியல் அறிஞராக இருந்த டபிள்யூ. பி. ஹெய்ன்ஸ் 1934இல் ஒரு நூல் எழுதினார். தானாக முளைக்கும் செடிகளை எல்லாம் ஒழிக்கவேண்டாம், தீங்கானதை எடுத்துவிட்டு மற்றதைப் பயன்படுத்துங்கள் என்பது அதன் சாரம். பியுராரியா, கலப்பகோனியம், சங்குப்பூ போலப் பூக்கும் சென்ட்ரோசீமா ஆகிய கொடிகளைத் தரையில் படரவிடும் வழக்கம் பரவியது. மலையை வளைத்துப் படி வெட்டினார்கள். ஓடிவரும் மண்ணைப் பிடிக்கக் குழி பறித்தார்கள். அந்தக் குழிகளைப் பறித்ததும் நம்மவர்களே. முதலில் மண்ணைக் கரைத்துவிடக் கூலி, பிறகு கரைந்த மண்ணைப் பிடித்து வைக்கக் கூலி. இதில் யாரைக் குறை சொல்வது? புல் வெட்டியவர்களை அல்ல. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் போவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்தாம். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை.

இன்று பல தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. புதிய கன்றுகளுக்கு நடுவே அடர்த்தியாகப் படர்ந்திருக்கும் பெரிய இலைக்கொடி முக்குனா. ஊரில் பூனைக்காலி என்று சொல்வோமே, அதன் இனம்தான். வெட்டிய மட்டைகளை இடைநிரையில் அடுக்குவதும், ஆலையிலிருந்து வரும் வெறுங்குலைகளைப் பரப்புவதும் ஒரு சாண் மண்ணுக்காகத்தான். மட்டையை ஒழுங்காக அடுக்கு என்று சொன்னால் அது கண்ணுக்கு அழகாக இருப்பதற்கு மட்டும் அல்ல. ஆனால் மருந்தடித்து மருந்தடித்துத் தரையை மொட்டையாக்கிய இடங்களையும் இன்னும் பார்க்கத்தான் செய்கிறோம். மண்வெட்டிக்குப் பதில் மருந்து, வேறென்ன?

புது வீட்டுக் கொல்லை

இனி அந்தக் கத்தரிக்காய்க்கு வருவோம். வீடமைப்புப் பகுதி கட்டும்போது இயந்திரம் முதலில் செய்வது, மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புவது. ஒரு சாண் மேல்மண் எங்கோ அடியில் புதைந்துபோகும், அல்லது லாரியேறிப் போய்விடும். உங்கள் வாசலில் கிடப்பது குன்றின் வயிற்றிலிருந்து வந்த மண். நன்றாகச் சிவந்து, பார்க்கப் புதிதாக இருக்கும். அதில் மக்கு இல்லை, புழு இல்லை. போதாததற்கு இயந்திரம் மிதித்து இறுக்கியும் விட்டது.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன மண் என்று பாருங்கள். மூடி உள்ள கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி அசையாமல் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் மணல் அடியில் படிந்துவிடும். அதன்மேல் வண்டல் சில மணி நேரத்தில். களி ஒரு நாளானாலும் கலங்கலாகவே நிற்கும். மேலே மிதக்கும் கறுப்புத் துணுக்குகள் மக்கு. பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், விளையாட்டாகச் செய்துவிடுவார்கள். அந்தக் கலங்கல் தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் போட்டால் களித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறங்குவதையும் காட்டலாம், மங்கில் பால் உறைவது போல.

தண்ணீர் இறங்குமா என்று பார்க்க, ஓர் அடிக் குழி தோண்டி நிரப்புங்கள். அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே பாத்தியை மேடாக்கித்தான் நடவேண்டும்.

பிறகு செய்வது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். இறுகிய மண்ணைக் கடப்பாறையால் ஓர் அடிக்குக் குத்திப் பிளந்துவிடுங்கள், புரட்டிப்போட வேண்டியதில்லை. மக்கிய கோழி எருவும் சமையலறைக் காய்த்தோலும் காய்ந்த புல்லும் சேர்த்து நான்கு அங்குலத்துக்குப் பரப்புங்கள். பச்சைக் கோழி எருவை அப்படியே போட்டால் வேர் வெந்துவிடும். சில வாரம் குவித்து வைத்து மக்கவிட்டுப் போடுங்கள். புளிப்பைக் குறைக்க விவசாயக் கடையில் விற்கும் சுண்ணாம்புக்கல் தூளைச் சதுர கஜத்துக்கு ஒரு பெரிய கைப்பிடி அளவு தூவலாம். அடுப்புச் சாம்பலும் உதவும், அளவோடு. உரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடாதீர்கள். யூரியாவின் சத்து ஆவியாகிப் போய்விடும். கூட்டிய சருகை ஞாயிற்றுக்கிழமை தோறும் கொளுத்துகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பாத்தியின்மேல் போட்டு மூடினால் மழைத்துளியும் அடிக்காது, வெயிலும் சுடாது.

முதல் ஆண்டில் கத்தரிக்குப் பதிலாகப் பயற்றங்காயோ கச்சானோ போடுங்கள். இவை காற்றிலிருக்கும் நைட்ரஜனை வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்களைக் கொண்டு உரமாக்கிக்கொள்ளும் இனம். தோட்டத்துக் கொடிகளும் அதே இனம்தான். பூக்கும் பருவத்தில் ஒரு செடியை மெதுவாகத் தோண்டி எடுத்து வேரைப் பாருங்கள். மிளகு அளவில் முண்டுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் நடக்கவில்லை. மண் இன்னும் புளித்துக் கிடக்கலாம். கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் மக்கிய எருவும் சேர்த்து அடுத்த விதைப்பில் பாருங்கள். காய் பறித்து முடிந்ததும் செடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுத்துவிடுங்கள். முண்டுகள் மண்ணிலேயே மக்கட்டும். அந்த இடத்தில் கத்தரி வைக்கலாம்.